கூகுள் மாதிரி வேண்டாம்

நூலகத்துக்கு இணையதளம் அமைக்கும் பேச்சு எங்கே எழுந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கூகுள் மாதிரி சிம்பிளா இருக்கணும்." வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பெட்டி, அதன் ஓரத்தில் பூதக்கண்ணாடி. அதற்குமேல் வாசகருக்கு என்ன வேண்டும்? மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடும். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நூலகரின் தலையும், கொஞ்சம் தாமதமாக, ஆடும். தளம் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்தவருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. பெட்டி வரைய எவ்வளவு நேரமாகிவிடும்?

இந்தக் கருத்து வந்த வழி எனக்குப் புரிகிறது. நம் அரசுத் தளங்களைப் பார்த்துப் பார்த்து நொந்த கண்கள் கேட்கும் நிவாரணம் அது. உச்சியில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து, வரிசையாகப் பெரிய மனிதர்களின் படங்கள், விட்டுவிட்டு மின்னும் 'புதிது', டெண்டர் அறிவிப்பு, அடியில் இத்தனையாவது பார்வையாளர் என்று சுழலும் எண். இத்தனைக்கும் நடுவே நூலகம் இன்று திறந்திருக்கிறதா என்று துழாவிப் பார்த்தவர், வெறும் பெட்டியே போதும் சாமி என்று கும்பிடத்தான் செய்வார். 'மேம்பட்ட தேடல்' என்று தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஐஎஸ்பிஎன் என ஏழெட்டுக் கட்டம் போட்டுவைத்தால் அதை நிரப்பப் பெரும்பாலோருக்குப் பொறுமை இல்லை என்பதும் உண்மை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தன. 2009-இல் சம்மன், அடுத்த ஆண்டு எப்ஸ்கோவின் கருவி என்று, புத்தகம், ஆய்விதழ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித்தரும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாணவர்கள் எப்படியும் கூகுள் ஸ்காலரில்தான் தேடுகிறார்கள், நமக்கெதற்குத் தனியாக ஒன்று என்று தன் சொந்தத் தேடுகருவியையே மூடிவிட்டது. ஆக, எதிர்த்தரப்பு லேசுப்பட்டதல்ல.

ஆனாலும் அது தவறு. தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கும் நூலகத்துக்கு இரட்டிப்புத் தவறு.

சில மாதங்களுக்கு முன் மௌனியின் கதைத் தொகுப்பு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. எங்கள் வட்டாரத்து நூலகம் ஒன்று அப்போதுதான் புதுத் தளம் திறந்திருந்தது. மேலே சொன்ன இலக்கணத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் தளம். 'மௌனி' என்று அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை. 'மௌனி கதைகள்' என்று அடித்தேன். அதுவும் இல்லை. வாங்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு வேறு வேலையாக அந்தத் தெருப் பக்கம் போனபோது, எதற்கும் கேட்டுவைப்போம் என்று உள்ளே நுழைந்தேன். நூலகர் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்துபோய் இரண்டாவது அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து வந்தார். இரண்டு பிரதிகள் இருந்தன.

"சைட்ல இல்லைன்னு காட்டுதே மேடம்?"

"இருக்கே சார். நான்தான் என்ட்ரி போட்டேன்." திரையை என் பக்கம் திருப்பினார். இருந்தது: 'மெளனி கதைகள்.'

இன்னொரு தடவை பாருங்கள். நான் தேடியது 'மௌனி'. அவர் பதிந்திருந்தது 'மெளனி'. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு முதலாவது, மகரத்தோடு ஔகாரக் குறி. இரண்டாவது, மகரத்தோடு எகரக் கொம்பு, அடுத்து வெள்ளத்தில் வரும் 'ள' என்ற தனி எழுத்து. அது 'மெ-ள-னி' என்று ஒவ்வொன்றாக வாசித்து, இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டது. நூலகரைக் குறை சொல்ல வழியே இல்லை. அச்சில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒரே உருவம்தான். புத்தக அட்டையில் கண்ணால் கண்டதை அவர் விசைப்பலகையில் தேடி அடித்திருக்கிறார்.

"இது பதிவில் வந்த பிழை, இதற்கும் வடிவமைப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு வடிவமைப்பு என்றால் நிறம், எழுத்துரு, இடைவெளி. பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது வேறு யாருடைய தலைவலியோ. நான் சொல்வது, பெட்டிக்குப் பின்னால் இருப்பதுதான் நூலகத் தளம். பெட்டி அதன் கதவுப்பிடி. பிடியைப் பளபளவென்று தேய்த்துவைத்துவிட்டு, கதவு திறக்காததற்குத் தச்சரைக் கைகாட்டினால் எப்படி?

மௌனி விஷயத்தில் தச்சு வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கொம்பு போட்ட எழுத்தை அடுத்து 'ள' வந்து, அந்த ளகரத்துக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் அதை ஔகாரமாக எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு விதி. கெளுத்தி மீன் தப்பிவிடும், அதில் ளகரத்துக்கு உகரம் இருக்கிறது. தெளிவும் வெள்ளமும் தப்பிவிடும். கெளசல்யாவும் பெளர்ணமியும் வெளவாலும் சரியாகிவிடும். சொல்லின் முதலில் வரும் 'ஒள'-வுக்கும் இதே விதியை நீட்டினால் ஒளி ஒளியாகவே இருக்கும், ஒளவையார் ஔவையார் ஆவார். பேச்சுவழக்கில் 'வெளங்கும்' என்று தலைப்பு வைத்த புத்தகம் வந்தால் என்ன செய்வது? ஒன்றும் கெடாது. பதிவையும் தேடலையும் ஒரே சல்லடையில் சலிப்பதால் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும். திரையில் காட்டும் எழுத்தைத் தொடவே வேண்டாம். ஒப்பிடும்போது மட்டும் இந்தச் சலிப்பு. நிரலாளருக்கு அரைநாள் வேலை. ஆனால் இப்படி ஒரு விதி தேவை என்று அவருக்குச் சொல்ல, தமிழ் எழுத்தும் நூலகப் பதிவும் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் பேசியிருக்க வேண்டும். கடைசி நாற்காலி பேசவில்லை.

இந்த ளகரம் ஓர் எடுத்துக்காட்டுதான். 'ஸ்ரீ' என்று நாம் பார்க்கும் ஓரெழுத்துக்குள்ளே இருப்பது சில கணினிகளில் 'ஸ', சிலவற்றில் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'. திரையில் ஒரே ஸ்ரீதான் தெரியும். தேடினால் பாதி ஸ்ரீரங்கம் வரும், பாதி வராது. புதுமைப்பித்தனில் ஒரு 'ப்' விட்டுப்போகும். 'பொன்னியின் செல்வன்' ஓரிடத்தில் இரண்டு சொல், இன்னோரிடத்தில் ஒரே சொல். உ.வே.சா.வுக்கு எத்தனை புள்ளி, எத்தனை இடைவெளி என்பதில் இரண்டு நூலகங்கள் ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று அவரே மூன்று பேராக உலவுகிறார். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறு வட்டாரத்து நூலகத்துக்காக எழுதி 2000-இல் ஓடத் தொடங்கி, இன்று உலகமெங்கும் இலவசமாகப் புழங்கும் கோஹா மென்பொருள் அருமையான சாதனம்தான் (மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு). அதிலும் ஸீப்ரா என்ற அட்டவணைப் பொறியை வைத்து ஓட்டினால், நிறுவுகிறவர் அதை யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்ற முறைக்கு மாற்றிவைக்க வேண்டும். மாற்றாவிட்டால் தமிழ்ச் சொற்களில் தேடல் தடுமாறும். முகப்புப் பக்கம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது கூகுளுக்கு வருவோம். கூகுளின் பெட்டி ஏன் வேலை செய்கிறது? பெட்டி அழகாக இருப்பதால் இல்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளை எண்ணித் தரம் பிரிக்கும் உத்தியோடு 1998-இல் அந்த நிறுவனம் தொடங்கியது. பிறகு கோடானுகோடிப் பேர் தப்பாக அடித்து, தாங்களே திருத்தி மறுபடி அடித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து, இவர் இதைத்தான் கேட்கிறார் என்று ஊகிக்கக் கற்றுக்கொண்டது. நூலகத்துப் புத்தகங்கள் ஒன்றையொன்று சுட்டுவதில்லை. ஒரு கிளை நூலகத்துத் தளத்தில் நாளொன்றுக்கு நடக்கும் தேடல்களை வைத்து எந்தப் பொறியும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கூகுளுக்கு இருக்கும் இரண்டு சொத்தும் நம்மிடம் இல்லை. முகத்தை மட்டும் கடன் வாங்குவது, பேர்போன பிரியாணிக் கடையின் பலகையை மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் புகழ்பெற்ற வெறுமை ஞானத்தில் பிறந்ததும் இல்லை. நிறுவனர்களுக்கு அப்போது ஹெச்டிஎம்எல் அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் முகப்பு அப்படி இருந்தது என்று அங்கே வேலை பார்த்த மரிஸா மேயரே சொல்லியிருக்கிறார். தெரியாமல் நேர்ந்ததைத் தத்துவமாக்கி வைத்திருக்கிறோம்.

கூகுளிடம் இல்லாத ஒரு சொத்து நூலகத்திடம் உண்டு: பட்டியல். மௌனியும் எஸ். மணியும் ஒருவரே என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்தால் அது என்றைக்கும் நிற்கும். நூலகத் துறையில் அதை அத்தாரிட்டி ஃபைல் என்பார்கள். ஓர் ஆளின் எல்லாப் பெயரையும் ஒரே முடிச்சில் கட்டிவைக்கும் கோப்பு. தமிழைப்போல் அது தேவைப்படும் மொழிகள் குறைவு. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன். எஸ். ரங்கராஜன் சுஜாதா. நாவலுக்கு சுந்தர ராமசாமியாக இருப்பவர் கவிதைக்குப் பசுவய்யா. தமிழ்க் கதையில் அம்பையாக இருப்பவர் ஆங்கில ஆய்வுநூலில் சி. எஸ். லட்சுமி. போதாக்குறைக்கு, மேற்கிலிருந்து வந்த மென்பொருள் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டத்தை நீட்டுகிறது. த. ஜெயகாந்தனுக்குக் குடும்பப்பெயர் எது? தகரத்தை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதினால் புத்தகம் அப்பா கணக்கில் ஏறிவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத தளத்தில் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

கடல் கடந்து போன தமிழ்ப் புத்தகங்களின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்கக் கோதுமைக்காக இந்தியா ரூபாயாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பிஎல் 480 சட்டத்தின்படி, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகம் 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இங்கே பழைய பேப்பர் கடைக்குப் போன எத்தனையோ நாவல்கள் அங்கே பத்திரமாக இருப்பது அப்படித்தான். ஆனால் அவை பட்டியலில் ஏறியது ரோமன் எழுத்தில். ஹென்ரியட் அவ்ராம் தலைமையில் 1960-களில் உருவான மார்க் என்ற கணினிப் பதிவு முறையில் சீனம், ஜப்பான், கொரிய, அரபு, எபிரேய எழுத்துகளுக்குப் பின்னாளில் இடம் கிடைத்தது. யூனிகோடு வரும்வரை தமிழுக்குக் கிடைக்கவில்லை. ரோமன் எழுத்துப் பெயர்ப்பு விதிப்படி சகரத்துக்கு 'சி' என்ற ஆங்கில எழுத்து, தகரத்துக்கு 'டி', றன்னகரத்துக்கு அடியில் கோடு போட்ட 'என்'. ஆக, சுஜாதாவை 'எஸ்' வரிசையில் தேடினால் இருக்கமாட்டார், 'சி'யில் இருப்பார். சிலப்பதிகாரமும் அங்கேதான். விதி தப்பில்லை, மொழியியலாருக்கு அது தெளிவான விதி. நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி பேரனிடம் சொல்லித் தேடச்சொன்னால், அந்தப் பையன் ஒரே பெட்டியில் 'எஸ்' போட்டு அடித்துவிட்டு, "இல்ல பாட்டி" என்பான். அந்தப் பெட்டிக்கு எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே ஆளாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவைப்பது பட்டியலாளர் வேலை.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதனைக் கொண்டுவந்து என் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொன்னது அவருடைய நான்காவது விதியாயிற்றே, ஒற்றைப் பெட்டியைவிட நேரம் மிச்சப்படுத்துவது எது? சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர், 1931-இல் ஐந்து விதிகள். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்து அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை. 1933-இல் கோலன் பகுப்புமுறை, மறு ஆண்டு பட்டியல் விதிநூல். வாசகரின் ஒரு நிமிடம் மிச்சமாக, நூலகரின் பல மணிநேரத்தைச் செலவழித்த மனிதர் அவர். அடுக்கில் ஒரு புத்தகத்துக்குப் பக்கத்தில் எது நிற்கவேண்டும் என்பதற்கே ஒரு கோட்பாடு வைத்திருந்தார்: கேட்ட பொருள் நடுவில், இருபுறமும் அதன் உறவுப் பொருள்கள், அதற்கப்பால் அந்நியப் பொருள்கள். கேட்டதை எடுக்க வந்தவர் கேட்காததையும் கண்டு கொண்டுபோகட்டும் என்பது அந்த வரிசையின் உள்நோக்கம். ஒற்றைப் பெட்டி இதை அடியோடு ஒழிக்கிறது. என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அது வாய் திறக்கும்.

நூலகத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அப்படி வருகிறார்கள்? ஒரு சாயங்காலம் நூலகர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். "பொண்ணுக்கு பேச்சுப்போட்டி, வேலுநாச்சியார் பத்தி சின்னதா ஏதாவது குடுங்கம்மா." "போன வருஷம் எடுத்துட்டுப் போனேன், பச்சை அட்டை, பாம்பு பத்தி." "குரூப் ஃபோருக்கு அந்த ராக்ல பழசு தவிர ஏதும் வந்துச்சா?" இவர்களுக்குப் பெட்டியில் அடிக்க ஒரு சொல் கிடையாது. அடுக்கைக் காட்டவேண்டும். தளத்தில் ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால், அலமாரியில் அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்பவை தெரியவேண்டும். டியூயி முறையில் 894.8113 என்றால் தமிழ்ப் புனைகதை. அந்த எண்ணை மட்டும் காட்டினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, ஆனால் அந்த எண்ணின் கீழ் ஆசிரியர் வரிசையில் அடுக்கை விரித்துக் காட்டினால் ஒருவர் கால்மணி நேரம் சுகமாக உலாவலாம். இந்த மாதம் வந்தவை, இந்தக் கிளையில் இருப்பவை, சிறுவருக்கு ஏற்றவை. பெட்டியும் இருக்கட்டும், நான் அதை உடைக்கச் சொல்லவில்லை. அது பல வாசல்களில் ஒன்று.

வடிவமைப்பாளர்கள் முகம் சுளிக்கும் ஒரு தளத்தை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஈழத்து எழுத்துகளை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' என்ற தளம். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்தது. பார்க்க சாதாரணமாக, கொஞ்சம் பழைய காலத்ததாக இருக்கும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண். ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு என்று எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். பழைய சிற்றிதழ் ஒன்றைத் திறந்தால், அந்த இதழின் உள்ளடக்கத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் இதழின் பெயரே தெரியாதவருக்கும், நாற்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு கதை கண்ணில் படுகிறது. படிப்பதற்கான இணைப்பின் பக்கத்திலேயே கோப்பு எத்தனை எம்பி என்றும் போட்டிருப்பார்கள். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! பெட்டிக்காரர்கள் யாருக்கும் தோன்றாத மரியாதை.

இப்போது புதிதாக ஒரு பதில் கிளம்பியிருக்கிறது: செயற்கை நுண்ணறிவு வந்தாயிற்று, எப்படி அடித்தாலும் அதுவே புரிந்துகொள்ளும், பட்டியலைச் செப்பனிடுவது வீண்வேலை. எழுத்துப்பிழையை அது ஓரளவு ஊகிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூலகப் பட்டியல் ஒரு வாக்குறுதி. இந்தப் புத்தகம், இந்தக் கிளையில், இந்த அடுக்கில், இப்போது யாரும் எடுத்துப்போகாமல் இருக்கிறது என்று அது சொல்கிறது. அதை நம்பி ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். ஊகிக்கும் பொறி, இல்லாத புத்தகத்தையும் இருப்பதைப்போலவே தெம்பாகச் சொல்லும். உண்மையைச் சரிபார்க்க அது திரும்பவும் அந்தப் பட்டியலிடம்தான் போகவேண்டும். பட்டியலில் மெளனி.

பட்டியல் வேலைக்கு ஆள் எங்கே, பணம் எங்கே என்பது மிச்சமிருக்கும் கேள்வி. நியாயமான கேள்வி. 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதில் ஒரு துளியை முகப்புப் படங்களுக்குப் பதிலாகப் பெயர்க் கோப்புக்கு ஒதுக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு பத்தியும் சேர்க்கலாம்: தளத்தை ஒப்படைக்கும் நாளில், நூலகர் கையால் எழுதித்தரும் இருபது பெயர்களை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் அடிப்போம், அலமாரியில் இருக்கும் புத்தகம் திரைக்கு வந்தால்தான் கடைசித் தவணை. நிறம் எதுவாக இருந்தாலும் சரி.

அந்த நூலகர் அன்றைக்கே என் கண்முன்னால் பதிவைத் திருத்தினார். ளகரத்தை அழித்துவிட்டு ஔகாரத்தை எப்படிக் கொண்டுவருவது என்று விசைப்பலகையில் இரண்டுமுறை தடவிப் பார்த்து, மூன்றாம் முறை கண்டுபிடித்தார். "இப்படி இன்னும் எத்தனை இருக்கோ சார்" என்றார். இரவு வீட்டிலிருந்து தேடினேன். மௌனி வந்துவிட்டார். சும்மா இருக்காமல் ஔவையாரையும் அடித்துப் பார்த்தேன். முடிவுகள் எதுவும் இல்லை.